குறைந்த செலவுதான் ‘எக்ஸ் மெஷினா’வைக் காப்பாற்றியதா?

கேள்வி
கடைசிவரிசை எழுதியது:

அலெக்ஸ் கார்லண்ட் எழுதி இயக்கிய ‘எக்ஸ் மெஷினா’ படத்தைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 2015இல் விடுதி அறையில் பாதித் தூக்கத்தில் பார்த்தபோது, கண்ணாடி வயிற்றோடு ஒரு பெண் நடந்து வந்தாள் என்பதைத் தவிர வேறெதுவும் மனத்தில் தங்கவில்லை. இம்முறை, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தந்தையும் உடன் அமர்ந்து பார்த்தார். படம் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். முடிவு உட்பட அனைத்தையும் பேசப்போகிறேன்.

ஒரு தேடுபொறி நிறுவனத்தில் நிரல் எழுதும் கேலப் என்ற இளைஞன், அலுவலகக் குலுக்கலில் வென்று, நிறுவன உரிமையாளர் நேதனின் மலைவீட்டில் ஒரு வாரம் தங்கச் செல்கிறான். அங்கே நேதன் உருவாக்கி வைத்திருக்கும் ஏவா என்ற பெண் உருவ இயந்திரத்துக்குத் தன்னுணர்வு உண்டா என்று சோதித்துச் சொல்வது அவன் வேலை. படம் முழுவதும் பேசுபவர்கள் ஏறத்தாழ இம்மூவர் மட்டுமே. நேதனின் பணிப்பெண்ணாக வரும், வாய் திறவாத கியோக்கோவைச் சேர்த்தால் நால்வர். படப்பிடிப்பு நார்வேயில் வால்டால் பள்ளத்தாக்கின் யூவெட் என்ற விடுதியிலும், இங்கிலாந்தின் பைன்வுட் அரங்குகளிலும் நடந்திருக்கிறது. செலவு ஏறத்தாழ 1.5 கோடி டாலர். விண்கலங்களும் நகர அழிவும் காட்டும் ஹாலிவுட் அறிவியல் புனைவுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை.

என் ஐயம் இதுதான். இந்தப் படத்தின் பலம் என்று நாம் பாராட்டுபவற்றில் எவ்வளவு இயக்குநரின் தேர்வு, எவ்வளவு பணமின்மையின் விளைவு? நேதனின் செல்வத்தைக் காட்ட வேண்டிய இடத்தில், ஹெலிகாப்டரில் வரும் கேலப் அவருடைய நிலம் எப்போது வரும் என்று கேட்க, கடந்த இரண்டு மணி நேரமாக அதன்மீதுதான் பறந்துகொண்டிருக்கிறோம் என்று விமானி சொல்கிறார். ஒரே வசனத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பெரிய முதலீட்டுப் படமாக இருந்தால் ஐந்து நிமிடம் அரண்மனையைச் சுற்றிக் காட்டியிருப்பார்கள். ஆனால் அதே சிக்கனம் கடைசி இருபது நிமிடங்களில் படத்தைக் கைவிட்டுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. அதுவரை மனம், மொழி, உணர்வு என்று பேசிக்கொண்டிருந்த படம், கத்தியும் இரத்தமும் பூட்டிய கதவுமாக முடிகிறது. தன்னைக் காப்பாற்றத் துணிந்தவனை ஏவா உள்ளேயே அடைத்துவிட்டுப் போவது, “கடைசியில் இயந்திரம் இயந்திரம்தான்” என்ற பழைய பல்லவியாகவே எனக்குப் பட்டது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா?

மறுமொழி 1
ரோட்டோக்காரன் எழுதியது:

நான் சென்னையில் வரைகலைத் துறையில் ரோட்டோ, பெயிண்ட் வேலை, அதாவது படத்தில் உள்ள உருவங்களை விளிம்போடு வெட்டியெடுத்து வேண்டாததை அழிக்கும் வேலை, பார்ப்பவன். எனவே படத்தின் தத்துவத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பச்சைத் திரையே இல்லாமல், அசைவைக் கணினி பின்தொடர உதவும் டிராக்கிங் புள்ளிகளை நடிகையின் உடலில் ஒட்டாமல் இந்தப் படத்தை எடுத்திருக்கிறார்கள். ஏவாவாக நடித்த அலிசியா விகாண்டர் வலைப்பின்னல் போன்ற உடை அணிந்து முழுக் காட்சியையும் நடித்து முடித்ததும், அதே இடத்தை அவர் இல்லாமல் மீண்டும் ஒருமுறை படம்பிடித்தார்கள். எங்கள் மொழியில் இதற்குப் பெயர் க்ளீன் பிளேட். பிறகு அவருடைய முகத்தையும் கைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்து, புயம், இடுப்பு, பின்மண்டை ஆகியவற்றை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுத்து, அந்த வெற்றிடத்தில் இயந்திர உறுப்புகளைப் பொருத்தினார்கள். புயம் ஊடுருவித் தெரிய வேண்டுமென்றால் அதன் பின்னாலிருக்கும் சுவரும் சன்னலும் தெரிந்தாக வேண்டும்; அதற்குத்தான் அந்த ஆளில்லாத படப்பதிவு. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள். அவர் தலையைச் சற்றுச் சாய்த்தால்கூடக் கழுத்தில் தோல் முடிந்து வலை தொடங்கும் விளிம்பு முழுவதும் நகரும், அதோடு எங்கள் கோடும் நகர வேண்டும். அரைப் புள்ளி அளவு பிசகினாலும் விளிம்பு கொதிப்பது போல நடுங்கும். போதாக்குறைக்கு அந்த வீட்டில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி. அவர் ஓரிடத்தில் நின்றால் அவருடைய பிம்பம் மூன்று இடத்தில் நிற்கும், மூன்றிலும் அதே வேலையைச் செய்தாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் இந்தப் படத்தின் ஒரு ஷாட்டை ஒரு மாலை முழுவதும் முன்னும் பின்னும் நகர்த்தி விளிம்பில் குறை தேடினேன். கிடைக்கவில்லை.

ஆகவே பணமில்லாததால் எளிமையாக எடுத்துவிட்டார்கள் என்று சொல்வது சரியன்று. இருந்த பணத்தை எல்லாவற்றிலும் தூவாமல் ஒரே உடலில் கொட்டினார்கள் என்பதுதான் உண்மை. 2016இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதுக்கு மேட் மேக்ஸ், தி மார்ஷியன், தி ரெவனன்ட், புதிய ஸ்டார் வார்ஸ் ஆகிய நான்கும் இதனோடு போட்டியிட்டன. நான்குமே பல மடங்கு செலவில் எடுக்கப்பட்டவை. விருது இதற்குத்தான் கிடைத்தது. அன்று எங்கள் அலுவலகத்தில் ஷிஃப்டில் இருந்த அனைவரும் கை தட்டினோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விகாண்டர் சுவீடனின் அரச பாலே பள்ளியில் பயின்றவர். ஏவாவின் நடையில் இயந்திரத்தனமான விறைப்பு இல்லாததை, அளவுக்கு மீறிய ஒழுங்கு மட்டுமே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நம்மைப் போலத் தோளைத் தொங்கவிட்டோ, ஒரு காலில் எடையைப் போட்டோ அவள் நிற்பதில்லை. நாங்கள் பொருத்தும் உறுப்புகளில் பாதிக்கு அந்த நடைதான் உயிர் கொடுக்கிறது. அதைக் கணினியில் செய்ய முயன்றிருந்தால் 1.5 கோடி டாலர் போதியிருக்காது.

மறுமொழி 2
சந்தேகப்பேர்வழி எழுதியது:

ரோட்டோக்காரரின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 90 கோடி ரூபாய் செலவான படத்தைச் சிறு முதலீட்டுப் படம் என்று அழைக்க என் நாக்கு கூசுகிறது. சிறு முதலீடு என்றால் என்ன என்பதை அறிய விரும்புவோர், அதற்கு முன்னால், 2013இல் வெளிவந்த ‘தி மெஷின்’ படத்தைப் பார்க்க வேண்டும். காரடாக் ஜேம்ஸ் வேல்ஸில் எடுத்தது. மொத்தச் செலவு பத்து இலட்சம் பவுண்டுக்கும் குறைவு. அதிலும் நாயகியின் பெயர் ஏவா என்பது வியப்பான ஒற்றுமை. பாதுகாப்புத் துறையின் நிலத்தடி ஆய்வுக்கூடத்தில், இறந்துபோன விஞ்ஞானியின் முகத்தோடு ஓர் இயந்திரம் செய்யப்படுகிறது. இருவராகவும் கெய்ட்டி லாட்ஸ் நடித்திருக்கிறார். அரங்கம் அமைக்கப் பணமில்லாததால் பாதிப் படத்தை இருட்டில் எடுத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்த இருட்டு உறுத்துவதில்லை. சோதனைக்காகக் கோமாளி முகமூடி அணிந்த ஒருவனை உள்ளே அனுப்ப, அந்த இயந்திரம் அஞ்சி, தன் பலம் தெரியாமல் அவனைக் கொன்றுவிட்டுக் குழந்தையைப் போலத் தவிக்கும் காட்சி ஒன்று உண்டு. நேதனின் கண்ணாடி மாளிகையில் நடக்கும் அத்தனை உரையாடலும் சேர்ந்து என்னிடம் எழுப்பாத இரக்கத்தை அந்தச் சில நிமிடங்கள் எழுப்பின.

நான்கு சுவருக்குள் மனிதரும் இயந்திரமும் உட்கார்ந்து பேசும் முறையும் கார்லண்ட் கண்டுபிடித்ததன்று. 1962இல் வெஸ்லி பேரி இயக்கிய ‘தி கிரியேஷன் ஆஃப் தி ஹியூமனாய்ட்ஸ்’ படத்தில், நீலப் பச்சை முகங்களோடு ரோபோக்கள் வரிசையாக நின்றுகொண்டு நாடக மேடையில் போலப் பேசிக்கொண்டேயிருப்பார்கள். முகப்பூச்சு செய்தவர், 1931இன் ஃபிராங்கன்ஸ்டைனுக்கு முகம் கொடுத்த ஜாக் பியர்ஸ். ரோபோக்களை வெறுக்கும் இயக்கத்தின் முன்னணியில் இருக்கும் நாயகன், கடைசியில் தானே ஒரு ரோபோ என்று அறிகிறான். கேலப் நள்ளிரவில் சவர அலகால் தன் கையைக் கீறி இரத்தம் வருகிறதா என்று பார்க்கும் காட்சியைப் பலரும் புதுமை என்று பாராட்டியபோது, எனக்கு அந்தப் பழைய படம்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஐயம் உண்மையாகிவிடுகிறது, இங்கே இயக்குநர் அச்சுறுத்திவிட்டுப் பின்வாங்கிவிடுகிறார்.

கதையில் இருக்கும் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். உலகின் கூர்மையான மூளை என்று காட்டப்படும் நேதன், வீட்டுக் கதவுகள் அனைத்தையும் திறக்கும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நினைவிழக்கும் வரை குடிக்கிறார். ஓர் இளைஞனை இறக்கிவிட்டுச் சென்ற விமானி, ஒரு வாரம் கழித்து அவனுக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து ஏறும்போது எதுவும் கேட்பதில்லை. பாத்திரங்கள் குறைவு என்பதால் ஓட்டைகளும் குறைவு என்று ஆகிவிடாது. கடைசிவரிசை சொன்ன “பழைய பல்லவி” என்ற சொல்லை நான் முழுமையாக வழிமொழிகிறேன்.

மறுமொழி 3
சாக்பீஸ் எழுதியது:

முடிவைப் பற்றி நீங்கள் இருவரும் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏவா கேலபை ஏன் விட்டுச் சென்றாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேலப் கியோக்கோவை ஏன் விட்டுச் செல்ல முடிவு செய்தான் என்று யாரும் கேட்பதில்லை.

வரிசையாக நினைவுபடுத்திப் பாருங்கள். நேதன் குடித்து மயங்கிக் கிடக்கும்போது கேலப் அவருடைய கணினியைத் திறந்து பழைய பதிவுகளைப் பார்க்கிறான். ஏவாவுக்கு முன்பு செய்யப்பட்ட ஒருத்தி, வெளியே விடும்படி கதவில் அறைந்து அறைந்து தன் கைகளே உடைந்து சிதறும்வரை நிறுத்தாததைப் பார்க்கிறான். அலமாரிகளைத் திறந்து உள்ளே நிறுத்தி வைத்திருக்கும் உடல்களைப் பார்க்கிறான். கியோக்கோ அவன் எதிரே நின்று தன் தோலை உரித்துத் தானும் ஓர் இயந்திரமே என்று காட்டுகிறாள். அதற்குப் பிறகும் அவனுடைய தப்பிக்கும் திட்டத்தில் ஏவா ஒருத்திக்குத்தான் இடம் இருக்கிறது. தன்னிடம் அன்பாகப் பேசியவளை, தனக்குப் பிடித்த முகம் கொண்டவளை மட்டும் மீட்க நினைக்கிறான். அந்த முகமோ, அவன் இணையத்தில் பார்த்த ஆபாசப் படங்களின் விவரத்தைத் திரட்டி நேதன் வடிவமைத்தது. இவனை மீட்பன் என்று நாம் எப்படி நம்பினோம்? கதையை நமக்கு அவன் கண்களால் காட்டினார்கள், வேறு காரணம் எதுவும் இல்லை.

முதல் சந்திப்பிலேயே இதற்கான தடயம் இருக்கிறது. ஏவாவைச் சந்திக்கும் கண்ணாடிச் சிற்றறைக்குள் கேலப் நுழைந்ததும், அந்தக் கண்ணாடியில் ஒரு விரிசல் விழுந்திருப்பதைக் கவனித்து விரலால் தொட்டுப் பார்க்கிறான். யாரோ அதை உடைக்க முயன்றிருக்கிறார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இருக்க முடியாது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவன் கேட்பதில்லை, பிறகு ஏவா வருகிறாள், அவனோடு நாமும் அந்த விரிசலை மறந்துவிடுகிறோம்.

கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டியூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சோதனை, அதாவது இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை, எழுத்தில் மட்டும் நடக்கும் உரையாடலைக் கொண்டு எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று ஊகிக்கும் விளையாட்டாகத்தான் தொடங்குகிறது. பிறகுதான் அந்த இடத்துக்கு இயந்திரம் வருகிறது. பார்ப்பவர் உருவத்தில் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே டியூரிங் திரையிட்டு மறைத்தார். நேதன் அந்தத் திரையை விலக்குகிறார். எதிரில் இருப்பது இயந்திரம் என்று தெரிந்த பிறகும் அதற்கு உணர்வு உண்டென்று நீ நம்புகிறாயா என்பதே அவருடைய சோதனை. ஆனால் திரையை விலக்கியவுடன் அழகிய பெண் முகம் ஒன்றையும் அங்கே வைத்துவிடுகிறார். உண்மையில் சோதிக்கப்பட்டவன் கேலப்தான் என்பதை அவரே பிறகு ஒப்புக்கொள்கிறார். பெண் உடலைக் காட்டிப் பெண் உடல் பண்டமாக்கப்படுவதைக் கண்டிக்கும் படம் இது என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது. அலமாரிக் காட்சியில் கேமரா தேவைக்கு மேல் நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் முடிவு பழைய பல்லவி அன்று. சிறைக் காவலனின் விருந்தாளியை நம்ப ஒரு கைதிக்கு என்ன கடமை இருக்கிறது?

மறுமொழி 4
ஞாயிறுப்பள்ளி எழுதியது:

சிறிய குறிப்பு ஒன்று மட்டும். இந்த மூன்று பெயர்களும் விவிலியத்திலிருந்து வந்தவை. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு ஏவா என்றதும் ஏவாள் என்று காதில் விழும். நேதன், தாவீது அரசனின் குற்றத்தை முகத்துக்கு நேரே சுட்டிய நாத்தான் தீர்க்கதரிசி. இங்கே அந்தப் பெயரைத் தாங்குபவருக்குத் தம் குற்றத்தைச் சுட்ட ஒருவரும் இல்லை. கேலப்தான் எனக்கு மிகவும் பிடித்த முரண். மோசே கானான் நாட்டை உளவு பார்க்க அனுப்பிய பன்னிருவரில் காலேப் ஒருவர். அவர்களுள் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் அவரும் யோசுவாவும் மட்டுமே. படத்தில் வருபவனோ கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறான்.

மறுமொழி 5
கடைசிவரிசை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சாக்பீஸ் அவர்களின் பதிலைப் படித்த பிறகு, நேற்றிரவு முதல் சந்திப்பையும் கடைசி இருபது நிமிடங்களையும் மட்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். விரிசல் அவர் சொன்ன இடத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை பார்த்தும் என் கண்ணில் அது பட்டிருக்கவில்லை என்பதைச் சற்று வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சந்தேகப்பேர்வழி அவர்களுக்கு: அட்டை, விமானி என்று நீங்கள் சொன்ன இரண்டையும் நான் மறுக்கப்போவதில்லை. ‘தி மெஷின்’ படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஆனால் “பழைய பல்லவி” என்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அதற்குக் காரணம் ஒரே ஒரு ஷாட். பழைய மாதிரிகளிடமிருந்து தோலை எடுத்துத் தன்மேல் பொருத்தி, வெள்ளை ஆடை அணிந்து, வீட்டைவிட்டு வெளியேறும் நேரத்தில் ஏவா புன்னகை செய்கிறாள். நேதன் இறந்துவிட்டார், கேலப் பூட்டிய அறைக்குள் இருக்கிறான், கியோக்கோ தரையில் கிடக்கிறாள். அவளைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. அதுவரை அவள் செய்த ஒவ்வொரு முகபாவத்துக்கும், எதிரில் இருப்பவனை வசப்படுத்தும் நோக்கம் இருந்திருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. இந்தப் புன்னகைக்கு அப்படி ஒரு பயனும் இல்லை. அமர்வு ஒன்று, அமர்வு இரண்டு என்று எண் போட்டு நடத்திய சோதனைகள் எதிலும் கிடைக்காத சான்று, சோதிப்பவர்கள் யாருமற்ற அந்த இடத்தில் கிடைக்கிறது. ரோட்டோக்காரர் சொன்னபடி பார்த்தால் அதற்கு ஒரு காசும் செலவில்லை. அது கணினி தொடாத முகம்.

என் தந்தையிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு இருக்கும் சிக்கல் வேறு. ஏவா தன் அறைக்குள் இருக்கும் மின்தகடுகளிலிருந்துதான் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறாள். அதே தகடுகள் வழியாக மின்சாரத்தைத் திருப்பி அனுப்பித்தான் வீட்டில் மின்வெட்டை உண்டாக்குகிறாள். அப்படியிருக்க, மக்கள் கூடும் ஒரு நகரச் சந்திப்பில் போய் நிற்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறி, கடைசிக் காட்சியில் அங்கே நிற்கிறாளே, மறுநாள் காலை எந்தத் தகட்டில் சார்ஜ் ஏற்றுவாள் என்று கேட்கிறார். முப்பத்தோராண்டு மின்கம்பிகளோடு வாழ்ந்தவரிடம் புன்னகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இந்தப் பகுதிக்கு விடை தெரிந்தவர்கள் எழுதுங்கள். இன்று மாலையும் கேட்பார்.